மெதுவாக இறங்குகிறவர்கள்

ஜோயல் கட்டிலின் ஓரம்வரை தவழ்ந்து வந்து, அங்கேயே கையை ஊன்றியபடி நின்றுவிட்டான். கீழே சிமெண்டுத் தரை. எட்டிப் பார்த்தான். ஒரு கையை வெளியே நீட்டினான். அடியில் ஒன்றும் தட்டுப்படாமல் போகவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான்.

"எதுக்கு அழறான்?" என்று அவன் அக்கா பியூலா சிரித்தாள். "இறங்கி வரவேண்டியதுதானே?"

"விழுந்துருவோம்னு பயப்படுதான்" என்றாள் எஸ்தர், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு.

"விழுந்தா என்ன அத்தை?"

எஸ்தர் திரும்பித் தன் தம்பியை, பிள்ளைகளின் அப்பாவைப் பார்த்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெபசிங் ஒரு செருப்போடு அப்படியே நின்றான். ஜோயலுக்கு எட்டு மாதம். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பியூலாவுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒன்று பூமியில் பிறந்தது, மற்றது பள்ளத்தில் பிறந்தது.

பள்ளம் என்பது நிலாவின் தென்முனையில் ஒரு பெருங்குழியின் சுவரைக் குடைந்து கட்டிய குடியிருப்பு. அதற்கு நீளமாக வேறொரு பெயர் உண்டு. வேலைக்குப் போன தமிழ் ஆட்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. ஜெபசிங்கும் அவன் மனைவி ஹெலனும் அங்கே பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கும் பிரிவில் இருந்தார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும், இனி அங்கே பிரசவம் பார்ப்பதில்லை என்று மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குடியிருப்பின் நடுவே கிணறுபோல ஒரு வெளி. அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் தளங்கள். ஏணி ஏறுவதற்கு மட்டும்தான். இறங்க வேண்டுமென்றால் காலை எடுத்து வெளியே வைத்தால் போதும். பூமியில் இருக்கும் எடையில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே. உடம்பு அவசரப்படாமல் இறங்கும். கீழே நிற்பவர் கையை விரித்து "விடு!" என்பார். மேலே இருப்பவர் கையில் இருப்பதை விடுவார். துணிமூட்டை, சாப்பாட்டு வாளி, பிள்ளை, எதுவானாலும் வந்து சேர்வதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். பிடிக்கத் தவறினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பிள்ளை தரையில் பட்டு, ஒருமுறை எழும்பி, திரும்ப உட்கார்ந்து சிரிக்கும்.

பியூலாவின் முதல் பிறந்தநாளுக்கு ஹெலன் மேல்தளத்திலிருந்து அவளை விட, கீழே ஜெபசிங் பிடிக்கும் வீடியோவை எஸ்தருக்கு அனுப்பியிருந்தார்கள். தூத்துக்குடியில் அவள் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்களாம். "பாவிகளா, பிள்ளையப் போட்டுப் பந்தா விளையாடுதிய?" என்று பேசிப் பதில் அனுப்பினாள். பள்ளத்தில் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

எஸ்தரின் வீட்டு மாடியில் குடிவந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. பியூலாவால் தன் தலையையே தூக்கி வைத்திருக்க முடியவில்லை. "யாரோ கீழேயிருந்து என்னை இழுக்கிறாங்கப்பா" என்று படுத்தபடி சொன்னாள். அவள் எலும்புகள் மெலிந்தவை. ஒரு தடவை விழுந்தாலும் இடுப்பு முறியலாம். அதனால் மருத்துவமனையில் அவளுக்குக் கூடு மாட்டினார்கள். முதுகிலிருந்து கணுக்கால்வரை அணைத்துப் பிடிக்கும் ஒரு சட்டகம். அவள் நடக்கும்போது முட்டுக்கொடுக்கும். தடுக்கினால் அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். மடங்கி, தாங்கி, கோழிக்குஞ்சைத் தரையில் வைப்பதுபோல அவளை வைக்கும். குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் அதைக் கழற்றுவார்கள். அப்போதும் ஜெபசிங் அவளைக் கையிலேயே ஏந்திக்கொண்டு போவான்.

பள்ளத்திலிருந்து திரும்பிய பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று டாக்டர் நசீமா மாதம் ஒருமுறை வீட்டுக்கே வருவார். கட்டில் விஷயத்தை ஜெபசிங் வேடிக்கைபோலத்தான் சொன்னான். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு பியூலாவின் எதிரே உட்கார்ந்தார்.

"இதைக் கையிலயிருந்து விட்டா என்ன ஆகும்?"

"உடையும்."

"முட்டை?"

"உடையும். அத்தை திட்டுவாங்க."

"இந்தத் தலையணை?"

"டப்புனு போகும். இங்க எல்லாமே டப்புனுதான் போகும்."

"சரி, நீ?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல பியூலா டாக்டரைப் பார்த்தாள். "நான் மெதுவாத்தான் இறங்குவேன். ஆளுங்க எல்லாம் மெதுவாத்தான் இறங்குவாங்க."

அலமாரியிலிருந்து பொம்மையை எடுத்துக் காட்டி, "அப்போ இது?" என்றார் டாக்டர்.

அவள் பொம்மையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது ஆளா, சாமானா? அதை முதல்ல சொல்லுங்க."

டாக்டர் ஜெபசிங்கையும் ஹெலனையும் அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளைங்க புதுசா எதைப் பார்த்தாலும், முதல்ல கையில இருக்கிற பழைய டப்பாவுலதான் போட்டுப் பார்ப்பாங்க. அதுல அடங்கலைன்னாதான் புது டப்பா செய்வாங்க. சாமானுக்கு இவ புதுசு செஞ்சுட்டா. கெட்டிக்காரி. மனுஷங்களுக்கு இன்னும் பள்ளத்து டப்பாதான்."

"இங்க வந்து எத்தனையோ தடவை தடுக்கியிருக்காளே டாக்டர்?" என்றான் ஜெபசிங்.

"தடுக்கியிருக்கா. விழுந்திருக்காளா?"

ஜெபசிங் அடுக்களை வாசல் வழியே பியூலாவின் கூட்டைப் பார்த்தான்.

"நீ கத்துக்கிட்டது சரிதான்னு அந்தக் கூடு தினமும் அவகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கு. இப்ப எலும்பு ஸ்கேன் நல்லா வந்திருக்கு. மெத்தை போட்டு, கூட்டைக் கழட்டி, கொஞ்சம் கொஞ்சமா அவளை விழ வைக்கலாம். கொஞ்சம் வலிக்கும். வலிக்காம இந்த விஷயம் உள்ள போகாது."

"வாயால சொன்னா?"

"சொல்லுங்க. தலையாட்டுவா."

ஹெலன் அன்றைக்கே மெத்தையை இழுத்துப் போடத் தயாராக இருந்தாள். ஜெபசிங்கால் முடியவில்லை. அவர்களோடு திரும்பி வந்த ஒரு குடும்பத்தில் மூத்த பெண், கூடு இல்லாமல் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து படுத்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை. அந்த அடக்கத்துக்கு அவன் போய்விட்டு வந்திருந்தான்.

"பிள்ளையத் தள்ளிவிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

"நீங்க பாக்க வேண்டாம். வெளிய போயிருங்க, நான் தள்ளுறேன்."

"பேசுறதைப் பாரு."

"நீங்க பயந்து என்ன பிரயோசனம்? அவ பயப்படணுங்க. அதைத்தான டாக்டர் சொல்றாங்க."

"கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றான் அவன்.

கிறிஸ்மஸ் கழிந்தது. ஈஸ்டர் கழியட்டும் என்றான்.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். ஹெலன் அடுப்படியில் இருந்தாள். எஸ்தர் மாடி பால்கனியில், வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபசிங் கீழே முற்றத்தில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். தம்பிக்கு அப்பாவைக் காட்டுகிறேன் என்று பியூலா ஜோயலைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கீழே பார்த்ததும் அவன் வீறிட்டான். அவள் அவனைச் சமாதானப்படுத்த இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எஸ்தருக்கு முதுகுப் பக்கம் கேட்ட அழுகை புதிதல்ல. தம்பியின் கன்னத்தைப் பிடித்து அவன் அழும்வரை கசக்குவது பியூலாவின் வழக்கம். ஈரச் சேலையை உதறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"ஏட்டி, எதுக்குப் பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துத? விடு அவன!"

ஜெபசிங் அழுகையைக் கேட்டு நிமிர்ந்தான். சுவரின்மேல் பிள்ளை. அவன் ஸ்பானரைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினான்.

மேலேயிருந்து பியூலா பார்த்தாள். அப்பா கீழே நிற்கிறார். கை விரிந்திருக்கிறது. விடு என்றாயிற்று. அவள் சிரித்துக்கொண்டே விட்டாள்.

அவன் எட்டவில்லை. பிறகு அதைப் பற்றி அவன் எவ்வளவோ யோசித்தான். பூமியில் பிறந்து வளர்ந்தவன்தான் அவனும். ஆனால் ஒன்பது வருடம் பள்ளத்தில் அந்தக் கிணற்றடியில் நின்று பிடித்த கைகள். நேரம் இருக்கிறது என்று அவை நினைத்துவிட்டனவோ என்று அவனுக்குத் தோன்றும்.

சத்தம் கேட்டு ஹெலன் ஓடிவந்தபோது, பியூலா கூட்டின் கிறீச்சுச் சத்தத்தோடு படியிறங்கி வந்து, தம்பியின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"எழும்பச் சொல்லுங்கப்பா" என்றாள்.

போலீஸ்காரரிடமும், வந்தவர்கள் எல்லோரிடமும் ஜெபசிங் ஒன்றையே சொன்னான்: கை தவறிட்டு. சின்னப் பிள்ளை, கை தவறிட்டு. பியூலா ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். "கை தவறல. நான்தான் விட்டேன். அத்தை விடச் சொன்னாங்க, அப்பா கைய விரிச்சாங்க." யாரோ ஒரு பெண் அவள் வாயைப் பொத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஐயர் ஜெபம் முடித்தார். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து, அந்தச் சின்னப் பெட்டியைக் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். பியூலா அப்பாவின் கையை இழுத்தாள்.

"பாருங்க, மெதுவாத்தானே இறங்குறான்."

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ஹெலன் காதில் விழுந்தது.

அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு, ஜெபசிங் அக்காவிடம் பள்ளத்துக் கிணற்றைப் பற்றிச் சொன்னான். "விடு" என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று சொன்னான். எஸ்தர் தலையில் முக்காட்டோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பிள்ளைய விடுன்னா பிள்ளைய அழ வைக்காதன்னு அர்த்தம். ஊருக்கெல்லாம் அதான்" என்றாள். "ஒங்களுக்கு வேற அர்த்தம் உண்டுன்னு யாராவது எனக்குச் சொன்னியளா? ஒரு வார்த்த சொன்னியளாலே?"

வீடியோ அனுப்பினோமே என்று ஒரு நினைப்பு அவனுக்குள் வந்தது. அதில் "விடு" என்ற சத்தம் இல்லை. பாட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

எஸ்தர் மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஹெலன் சமைத்தாள், துவைத்தாள், பியூலாவுக்குச் சோறு போட்டாள். அவளைத் தொடவில்லை. தலைவாரிவிடுவதுகூட ஜெபசிங்தான்.

டாக்டர் நசீமா வந்து பியூலாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஜெபசிங் கேட்டான்: "இப்பவாவது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இல்ல. தம்பி ஏன் எழும்பலன்னு கேட்டேன். தம்பிக்கு நீங்க யாரும் கூடு போட்டு விடலையாம். அதனாலதானாம்."

ஹெலன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அவ கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "கூடு போட்டவங்க மெதுவா இறங்குவாங்க. போடாதவங்க அப்படி இல்ல. பழைய டப்பாவுல ஒரு ஓரத்தைக் கிள்ளி எடுத்து, இதையும் அதுக்குள்ளயே அடக்கிட்டா."

"அப்படியே இருக்கட்டும் டாக்டர்" என்றான் ஜெபசிங்.

"எது வரைக்கும்?"

"விழுறதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியிற அன்னைக்கு, தான் என்ன செஞ்சோம்னும் தெரிஞ்சிருமே. ஏழு வயசுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும்? நீங்க சொல்லுங்க."

"ரெண்டையும் தனித்தனியா கத்துக்கொடுக்க எனக்கு வழி தெரியல" என்றார் டாக்டர்.

"அதனால கூட்டோடயே வச்சிருப்பீங்களா?" ஹெலன் இத்தனை நாளில் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினாள். "என்னைக்காவது கூட்டைக் கழட்டிட்டு மாடியிலயிருந்து கால எடுத்து வைப்பா. அப்ப இன்னொரு பெட்டி வாங்குவீங்களா?"

"நான் இருக்கேன். நான் பாத்துக்குறேன்."

"பாத்தோமே" என்றாள் ஹெலன்.

அவன் மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். ஜன்னல்களுக்குக் கம்பி வைத்தான். பால்கனியைக் கைப்பிடிச் சுவரிலிருந்து கூரைவரை கம்பிவலையால் அடைத்துவிட முடிவு செய்து, வலைச்சுருளும் ஆணியும் வாங்கிவந்தான். ஒரு சாயங்காலம் சுவரோரமாக ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்மூலையில் வலையைப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

பியூலா பால்கனிக்கு வந்தாள். அவனைப் பார்த்ததும் நிலைவாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, இறங்குங்க."

"ஆச்சும்மா, இன்னும் ரெண்டு ஆணிதான்."

"இறங்குங்கப்பா. உங்களுக்குக் கூடு இல்ல."

"அப்பா பெரிய ஆளு. அப்பாவுக்கு வேண்டாம்."

அவள் உதடு பிதுங்கியது. பூமிக்கு வந்து இதுவரை அவன் அவள் முகத்தில் பார்த்திராத ஒன்று அதில் இருந்தது. தனக்காக அவள் ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது அவனுக்காகப் பயந்தாள்.

"அம்மாவுக்கும் இல்ல. அத்தைக்கும் இல்ல. ரோட்டுல போறவங்க யாருக்குமே இல்லப்பா. ஏன் யாருமே போடல?" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சுப் பட்டையை அவிழ்த்தாள். அவனுக்கு ஒரு கையில் சுத்தியல், மறுகையில் விறைத்துக்கொண்டு நிற்கும் வலை. விட்டால் வலை சுருண்டு அவள்மேல் போய் விழும். "பியூலா, கழட்டாத, அப்படியே நில்லு" என்று கத்தினான். அதற்குள் இடுப்புக் கொக்கிகளைத் திறந்து, கூட்டிலிருந்து காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டாள்.

"நீங்க போட்டுக்கோங்க" என்று இரண்டு கையாலும் அதைத் தூக்கி அவனிடம் நீட்டினாள். "நான் சின்னப் பிள்ளைதானே. எனக்கு அப்புறம் வாங்கலாம்."

ஓர் அடி வைத்தாள். அடுத்த அடிக்குக் கால் எழும்பவில்லை. கூட்டின் எடை முன்னால் இழுக்க, அவள் நின்ற உயரத்திலிருந்து அப்படியே முன்னால் விழுந்தாள். முழங்கால், உள்ளங்கை, பிறகு தாடை. எதுவும் அவளைத் தாங்கவில்லை.

ஹெலன் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

எலும்பு எதுவும் முறியவில்லை. பியூலா தானாகவே கையை ஊன்றி உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்; தோல் உரிந்து, ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்துகொண்டிருந்தது. தாடையைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"டப்புனு போயிட்டேன்" என்றாள்.

ஜெபசிங் வலையைப் பிடித்தபடி ஸ்டூலின்மேலேயே நின்றான்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி, தான் நின்றிருந்த உயரத்தைக் காட்டி, "நான் இவ்வளவுதான்" என்றாள். திரும்பிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். சுவரின் இடைவெளிகள் வழியே கீழே முற்றம் தெரிந்தது. குழாயடி தெரிந்தது. அவள் கண் சுவரிலிருந்து முற்றம்வரை இறங்கியது, திரும்ப மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. அந்தக் கண்கள் என்ன கணக்குப் போடுகின்றன என்று ஜெபசிங்குக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லி அதைக் கலைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். தம்பிக்கு வலித்திருக்காது, தம்பி தூக்கத்தில் போய்விட்டான், தம்பி இயேசப்பாவிடம் இருக்கிறான். எல்லாமே நாக்கில் வந்து நின்றன.

"அத்தை சொன்னது அது இல்ல, இல்லப்பா?" என்றாள்.

"இல்லம்மா" என்றான்.

"நீங்க விடச் சொல்லிக் கைய விரிக்கல."

"அவன் விழுந்துட்டா பிடிக்கத்தான் விரிச்சேன்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஹெலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான்தான் இல்லம்மா?"

ஹெலன் நிலையை விட்டாள். கிட்டே வந்து தரையில் உட்கார்ந்தாள். பியூலா அவள் மடியில் வந்து விழவில்லை. ரத்தம் வரும் கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பெரியவர்களைப்போலத் தள்ளியே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"நான் அழலாமா?"

ஹெலன் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த அழுகை கீழே தெருவரை கேட்டது.

ஜெபசிங் வலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் நழுவவிட்டான். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கினான். ஒரு காலைக் கீழே வைத்து, அது தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மறுகாலை வைத்தான்.